ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை

நான் படித்த பொருளாதாரத் துறை ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு செய்தி மடல் அனுப்பும். முன்பாதியில் ஆய்வுச் செய்திகள் இருக்கும்: எந்தப் பேராசிரியர் எந்த நாட்டுக்குப் போய் என்ன பேசினார், யாருடைய கட்டுரை எதில் வந்தது என்று. பின்பாதி முன்னாள் மாணவர்களுக்கு. யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு இரட்டைக் குழந்தை, யார் போய்ச் சேர்ந்தார். நான் பின்பாதியை மட்டும்தான் புரட்டுவேன், அதுவும் கூடப் படித்தவர்களில் எவனுக்காவது வழுக்கை விழுந்திருக்கிறதா என்று பார்த்து அற்பமாகச் சந்தோஷப்பட. இந்த முறை அந்தப் பக்கத்தில் என் படமே இருந்தது. மேலே கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு: "உதவி பெறாத குழுவிலிருந்து ஓர் உயரம்."

எந்தக் குழு? நான் எந்தக் குழுவிலும் இருந்ததில்லை. குடியிருப்போர் சங்கத்தில்கூடச் சண்டைக்காரி என்று என்னைச் சேர்க்கவில்லை. கீழே படித்தேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் துறை நடத்திய புகழ்பெற்ற மாலை வகுப்பு ஆய்வில், குலுக்கலில் வகுப்பு கிடைக்காமல் போன பிள்ளைகளில் ஒருவர் பின்னாளில் நம் துறையிலேயே படித்து, இன்று ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தில் பொருளாதார ஆய்வாளராக இருக்கிறார். "டியூஷனெல்லாம் போகவில்லை, வீட்டிலேயே படித்தேன்" என்கிறார் அவர். திறமை உள்ள பிள்ளை தானே மேலே வரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அடுப்பில் பால் பொங்கி ஊற்றிக்கொண்டிருந்தது. நான் அணைக்கவில்லை.

அந்த வாக்கியத்தை நான் சொன்னது உண்மை. முன்னாள் மாணவர் செய்திக்கு என்று ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். இப்போது என்ன வேலை, சின்ன வயதில் யாராவது டியூஷன் எடுத்தார்களா என்று இனிக்க இனிக்கக் கேட்டாள். அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் பதில் சொன்னேன். என் பெயர் அவர்களுடைய பழைய பட்டியலில் இருந்ததும், இத்தனை காலம் நான் அவர்கள் கணக்கில் ஒரு வரியாகக் கிடந்ததும் மடலைப் பார்த்த அன்றுதான் எனக்குத் தெரிய வந்தன.

அதிலும் ஒரு கூத்து உண்டு. அந்த ஆய்வை இரண்டாம் ஆண்டில் பாடமாகவே படித்திருக்கிறேன். கட்டுரையில் ஊருக்குப் பெயர் கிடையாது, "இரண்டாம் நகரம்" என்று இருக்கும்; மீதியெல்லாம் அட்டவணை. வகுப்புக்குப் போன பிள்ளைகளும் போகாத பிள்ளைகளும் ஒரே அளவுதான் மதிப்பெண் எடுத்தார்கள், ஆகவே மாலை வகுப்பால் பயனில்லை என்பது முடிவு. ஏன் பயனில்லை என்று தேர்வில் மூன்று பக்கம் எழுதினேன். என்னைப் பற்றி நானே உளறி, வகுப்பிலேயே அதிக மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். எங்கள் குடியிருப்பில் பதினொன்றாம் எண் வீடு எங்களுடையது, பன்னிரண்டு பெரியப்பாவுடையது. இரண்டு கதவுகளும் எதிரும் புதிருமாக இருக்கும், தூங்கும் நேரம் தவிர மூடியிருக்காது. அம்மாவுக்கு மாலை ஷிப்ட். ஆகவே சாப்பாடு, சண்டை, பேன் பார்ப்பது எல்லாம் பெரியம்மாவின் அடுக்களையில். பெரியப்பா மகள் எனக்கு ஒரு வயது மூத்தவள். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன், அவளும் அக்கா செய்கிற எல்லாக் கொடுமையையும் செய்தாள். பள்ளியில் குலுக்கல் நடந்தபோது அக்காவின் பெயர் விழுந்தது, என் பெயர் விழவில்லை. அழுதேன். தினமும் பள்ளி விட்டதும் அவள் மாலை வகுப்புக்குப் போவாள். அங்கே கணக்குத் தாள்களை வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள், வாசலிலேயே திரும்ப வாங்கிக்கொள்வார்கள். வாயை வாங்கிக்கொள்ள அப்போது அவர்களுக்குத் தோன்றவில்லை.

அக்காவுக்கு ஒரு வியாதி. ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் அதை இன்னொருத்தர் மண்டையில் ஏற்றாமல் அவளுக்குச் சோறு இறங்காது. பெரியம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் தரையில் என்னை உட்காரவைத்து அன்றைய பாடம் முழுவதையும் எனக்கு எடுப்பாள். தப்பாகச் சொன்னால் நடுமண்டையில் குட்டு. பின்னக் கணக்கு எனக்குக் குட்டோடு சேர்ந்துதான் ஏறியது. மூன்று ஆண்டுகள் இப்படி நடந்தது. ஆண்டுக்கு ஒருமுறை கேள்வித்தாளோடு ஒரு மேடம் வந்து, ஏதாவது வகுப்புக்குப் போகிறாயா என்று கேட்பார். இல்லை என்பேன். உண்மையைத்தானே சொன்னேன்? எனக்கு ஒரு பென்சில் டப்பா கொடுத்துவிட்டுப் போவார்.

பெரியப்பா படுத்த படுக்கையானதும் அக்காவின் படிப்பு பள்ளியோடு நின்றது. மருத்துவமனை ஒன்றில் பில் போட்டாள். பிறகு அதே குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்க ஆரம்பித்தாள். கூடமும் அவள் சம்பளமும் நகர மன்றத்தின் பொறுப்பு. எட்டு ஆண்டுகளாக அதுதான் அவள் உயிர். மடலோடு வந்திருந்த துறையின் புதிய அறிக்கையில் அவள் "உதவி பெற்றும் வருமானம் உயராதவர்" என்ற பத்தியில் ஒரு எண். நான் எதிர்ப் பத்தியில் ஒரு எண். உதவி பெறாதவர்களே ஒரு படி மேல் என்று அடியில் ஒரு குறிப்பு வேறு. அதைப் படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தினமும் மாலையில் என்னைக் கூப்பிடும் அக்கா அன்று கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டேன்.

"அக்கா, அந்த மடல்ல ஒண்ணு வந்திருக்கு…"

"பாத்தேன். நகர மன்றத்து அதிகாரி கொண்டுவந்து என் மேஜை மேல வச்சாரு. 'உங்க தங்கச்சியாமே, வாழ்த்துகள்'னாரு. அதே மூச்சுல வகுப்ப மூடலாம்னு யோசிக்கிறோம்னாரு."

"மூடறதா? ஏன்?"

"வகுப்பால பிரயோசனம் இல்லன்னு உங்க ஆளுங்க கணக்குப் போட்டுக் காட்டிட்டாங்களே. அதான் சாட்சிக்கு உன் படத்தையும் போட்டிருக்காங்களே. சிரிச்ச மாதிரி."

"அக்கா, டியூஷன் போகல, வீட்ல படிச்சேன்னு மட்டுந்தான் நான் சொன்னேன்."

"வீட்லன்னா? யாரு, சுவரு சொல்லிக்கொடுத்துச்சா?"

எங்கள் வீட்டில் எனக்கு மிளகா என்று பெயர். அந்த மிளகாய் உடனே ஆய்வை நடத்திய பேராசிரியர் மேல் பாய்ந்தது.

"நான் அந்தப் பேராசிரியர்கிட்டப் போறேன். நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்கறேன்" என்றேன்.

"நீ யார் நாக்கையும் புடுங்க வேணாம். எனக்குப் பாராட்டும் வேணாம், மன்னிப்பும் வேணாம். நாப்பது பிள்ளைங்க இருக்குங்க, வகுப்பு நிக்கக் கூடாது. அத மட்டும் பாரு மிளகா."

மறுநாளே போனேன். அந்தப் பேராசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் சராசரி. எதைக் கேட்டாலும் "சராசரியாப் பாத்தா" என்றுதான் ஆரம்பிப்பார். நல்ல மனிதர், அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் வாசலிலேயே இரண்டு திட்டு திட்டிவிட்டு வந்திருக்கலாம். இவர் எழுந்து வந்து கதவைத் திறந்தார், டீ வரவழைத்தார், என் கப்பில் சர்க்கரை போட்டுத் தானே கலக்கிக் கொடுத்தார்.

நான் அடுக்களைக் கதை முழுவதையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"இதுக்குப் பேரு கசிவும்மா. வகுப்பு வாங்கின பிள்ளைகிட்டேருந்து வாங்காத பிள்ளைக்குப் பாடம் கசியறது. நீயே படிச்சிருக்கியே. அத நாங்க அப்பவே யோசிச்சோம். அதனாலதான் ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளைன்னு மட்டும் எடுத்தோம். அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி யாரும் ரெண்டு பேரா ஆய்வுல கிடையாது."

"நாங்க ரெண்டு பேர் இருந்தோமே சார்?"

"நீங்க பதினொண்ணு. அவங்க பன்னெண்டு. வேற வேற வீடு."

"வேற கதவு சார். வீடு ஒண்ணு."

"ஆய்வுல வீடுன்னா கதவு எண்தாம்மா. வேற எப்படி எண்ணுவே?"

எனக்கு உச்சந்தலை கொதித்தது. பெரிய பெரிய மண்டைகள் கூடி உட்கார்ந்து, எல்லா ஓட்டையையும் யோசித்து யோசித்து அடைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு கதவுகளும் திறந்து கிடக்கின்றனவா என்று படியேறிப் பார்க்க ஒருத்தருக்கும் கால் வரவில்லை. அந்தக் குடியிருப்பில் பாதிப் பேர் அண்ணன் தம்பி குடும்பங்கள். அங்கே எத்தனை அடுக்களையில் எத்தனை அக்காக்கள் குட்டினார்களோ! அத்தனை குட்டும் சேர்ந்துதான் இவருடைய அட்டவணையில் "வேறுபாடு இல்லை" என்று ஆகியிருக்கிறது. இத்தனையையும் அவரிடம் கத்தியே சொன்னேன்.

"ஒருத்தர் அனுபவத்த வச்சு மதிப்பீட்ட மாத்த முடியாதும்மா" என்றார் அவர், கொஞ்சமும் கோபப்படாமல்.

"ஒருத்தி படத்தப் போட்டு வகுப்ப மூட மட்டும் முடியுமா?"

அவர் டீயைக் குடித்தார். பிறகு முகம் மலர்ந்து, "ஒண்ணு பண்ணு. அடுத்த வாரம் முன்னாள் மாணவர் சந்திப்பு. அஞ்சு நிமிஷம் தரேன். இத அப்படியே எல்லார் முன்னாலயும் சொல்லு. நகர மன்றத்துக்காரங்களும் வர்றாங்க" என்றார். விவாதம் என்றால் அந்த மனிதருக்கு அவ்வளவு ஆசை.

சந்திப்பில் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் எடை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நடுவே நான் மேடையேறினேன். பூசி மெழுகாமல் பேசினேன். மடலில் போட்டிருப்பது பொய், என்னைத் தூக்கிவிட்டது என் அக்கா, அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த மாலை வகுப்பு, ஆக ஒரு வகுப்பு இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கிறது, அதைப் போய்ப் பயனில்லை என்று எழுதிவைத்திருக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். சபையில் கைதட்டல் எழுந்தது. முதலில் தட்டியவர் சராசரி.

அவர் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். தன் பழைய முடிவில் ஓட்டை இருப்பதைத் தன்னிடம் படித்த பெண்ணே காட்டியதைவிட ஓர் ஆசிரியருக்கு என்ன பெருமை வேண்டும் என்றார். அந்த அக்காவின் வகுப்பை மூடக் கூடாது, அங்கேயே ஒரு புதிய ஆய்வைத் துறை நடத்தும், இரண்டு ஆண்டு செலவு துறையுடையது என்று அறிவித்தார். முன்வரிசையில் இருந்த நகர மன்றத்து அதிகாரி, அப்படியென்றால் முடிவு வரும்வரை வகுப்பு நடக்கட்டும் என்று அங்கேயே தலையாட்டினார்.

நான் வெளியே ஓடிவந்து அக்காவுக்குச் சொன்னேன். மடல் வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் சிரித்துப் பேசியிருக்கவில்லை. இப்போது சிரித்தாள்.

"சாதிச்சுட்டேடி மிளகா! அந்த வாய்க்கு இன்னைக்குத்தான் ஒரு வேலை வந்துச்சு."

என் ஆயுளில் எனக்குக் கிடைத்த எந்தப் பட்டமும் அதற்கு ஈடில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது தெரியாமல் வீடு வரை பாட்டுப் பாடிக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

மாதக் கடைசியில் சராசரியும் துறை ஆட்களும் நகர மன்றத்து அதிகாரியும் கூடத்துக்கு வந்தார்கள். அக்கா என்னையும் வரச்சொல்லியிருந்தாள். நாற்பது பிள்ளைகளும் தலைவாரிப் பொட்டு வைத்து வந்து உட்கார்ந்திருந்தார்கள், ஏதோ பரிசு கொடுக்கப்போகிறார்கள் என்று நினைப்பு. ஆய்வு உதவியாளர்கள் இரண்டு பேர் ஒவ்வொரு பிள்ளையிடமும் உட்கார்ந்து துருவித் துருவிக் கேட்டார்கள். உன் தம்பி யார், சித்தி மகள் யார், மாமா மகன் எந்த மாடி, யாரோடு சேர்ந்து சாப்பிடுவாய். கதவு எண்ணை யாரும் கேட்கவில்லை. பரவாயில்லை, பாடம் கற்றுக்கொண்டார்களே என்று நான்கூட மனதுக்குள் மெச்சினேன்.

பிறகு சராசரி எழுந்து அக்காவுக்கு விளக்கினார். நாற்பது பேரையும் இருபது ஜோடியாகப் பிரித்தாயிற்று. கூடியமட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே அடுக்களைப் பிள்ளைகள். ஒவ்வொரு ஜோடியிலும் குலுக்கிப் போட்டு ஒரு பிள்ளைக்கு வகுப்பு, மற்றதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு வகுப்பு கிடையாது.

"ஒரே அம்மா அப்பா, ஒரே சாப்பாடு. வித்தியாசம் வகுப்பு மட்டுந்தான். இதவிடச் சுத்தமான ஒப்பீடு உலகத்துல கிடையாது. உங்க தங்கச்சி பேச்சக் கேட்டப்பதான் எனக்கு இது உதிச்சது" என்றார் அக்காவிடம், கைகூப்பாத குறையாக.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்துவிட்டேன்.

"சார், இதுக்கா நான் மேடையில ஏறிப் பேசினேன்? எல்லாப் பிள்ளைக்கும் வகுப்பு வேணும்னு சொன்னேன்!"

"நீ சொன்னது கசிவப் பத்திம்மா. போன தடவ முடிவக் கெடுத்ததே அதுதான். இந்தத் தடவ அத அடைச்சுட்டோம். வகுப்புக்கு வர்ற பிள்ளைங்க இங்க படிச்சத வெளியில யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. டீச்சரே ஒரு வார்த்தை சொன்னா பிள்ளைங்க கேக்கும்."

"அந்தக் கசிவுதான் சார் நான்! அன்னைக்கு நீங்க அடைச்சிருந்தா இன்னைக்கு உங்க மடல்ல போட என் மூஞ்சி இருந்திருக்காது!"

"அதனாலதான் கட்டுரையில நன்றி சொல்றப்போ உன் பேரைத்தான் முதல்ல போடப்போறேன்" என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை. மனதாரச் சொன்னார். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கையில் அகப்பட்டதை எடுத்து வீசவேண்டும்போல் இருந்தது.

அக்கா அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"வெளியில போற இருபது பேருக்கு?"

"ரெண்டு வருஷந்தானேம்மா. முடிவு நல்லா வந்தா எல்லாருக்கும் வகுப்பு, இந்த ஊரு முழுக்க."

"நல்லா வர்றதுன்னா?"

"வித்தியாசம் தெரியணும்."

"அதாவது, அந்த இருபதும் பின்தங்கினாத்தான் நல்லா வந்த மாதிரி. அதுங்களும் சேந்து முன்னுக்கு வந்துட்டா?"

அதிகாரி தன் தொலைபேசியை எடுத்துப் பார்த்தார்.

நான் அக்காவை இழுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். "வேணாம்கா. இவங்க கூடமும் வேணாம், சம்பளமும் வேணாம். வெளிய ஒரு இடம் பாப்போம், வாடகை நான் தரேன். இந்தக் கிறுக்குப் பசங்களக் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளு."

"இந்த மாசம் தருவே. அடுத்த வருஷம் உனக்கு வேற ஊருல வேலைன்னா? கோவம் ஆறிட்டா? நாப்பது பிள்ளைங்கள நடுவுல விடச் சொல்றியா?"

"அதுக்காக இதுக்கு ஒத்துக்குவியா? உனக்கு ரோஷமே இல்லையா?"

"கத்தாதே. பிள்ளைங்க பாக்குதுங்க" என்றாள். என் கையை அவள் தள்ளிவிட்ட விதம், குட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "இப்ப மூடினா நாப்பதுக்கும் இல்ல. ஒத்துக்கிட்டா இருபதுக்கு இருக்கு. மேடையில பேசறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ."

உள்ளே கணினி குலுக்கியது. அவர்கள் பெயர்களைப் படிக்கப் படிக்க, பெயர் வராத பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். ஒருவருக்கும் விளங்கவில்லை. நாளைக்கு வரலாமா என்று ஒரு பையன் உதவியாளரிடம் கேட்டான். ஒவ்வொரு பிள்ளை கையிலும் அவர் ஒரு பென்சில் டப்பாவைக் கொடுத்து, முதுகில் தட்டி அனுப்பினார். கூடம் பாதியானது. மிச்சமிருந்தவர்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். சராசரி கடைசி வரிசையில் போய் அமர்ந்து, ஆரம்பியுங்கள் என்பதுபோல் அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார்.

அக்கா பலகைக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் மாட்டேன் என்று சொல்லிவிடுவாள் என்று அந்த நிமிஷம் வரைக்கும் நான் நம்பினேன். சின்ன வயதில் யார் பேச்சையும் கேட்காதவள் அவள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றாள். "இங்க படிக்கறத வீட்ல யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. நோட்டக் காட்டக் கூடாது. கேட்டா, எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடணும்."

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள். அவள் தம்பி இப்போதுதான் டப்பாவோடு வெளியே போயிருந்தான்.

"டீச்சர், எனக்குத்தான் தெரியுமே. தம்பிகிட்டப் பொய் சொல்லணுமா?"

அக்கா பலகைப் பக்கம் திரும்பி, ஒன்றும் எழுதியிராத பலகையை அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

"ரெண்டு வருஷத்துக்கு மட்டும்" என்றாள்.